படிக்காத நாவலில் ஒரு படிக்கட்டு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மர்ம நாவல்களில் கொலையாளி யார் என்று என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிற ஆள் எங்கள் குடியிருப்பில் கிடையாது. எங்கள் தெருவிலும் கிடையாது. ஊரில் இருக்கலாம். இன்னும் விசாரிக்கவில்லை.

இது தற்பெருமை இல்லை, பெருமை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தற்பெருமை என்பது அடுத்த வீட்டுக்காரர் அடித்துக்கொள்வது.

என் தொழில் அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். கார் மரத்தில் மோதிவிட்டது என்று ஒருவர் வருவார். நான் நேரே போய் மரத்தைப் பார்ப்பேன். மரத்தில் ஒரு கீறல் இருக்காது. "ஏன் சார், மரம் ஒதுங்கிக்கிச்சா?" என்று கேட்பேன். ஆள் அங்கேயே வேர்த்து விறுவிறுத்துப் போய்விடுவார். ஒருவன் பொய் சொல்கிறானா என்பதை அவன் நாற்காலியை இழுத்து உட்காரும் விதத்திலேயே சொல்லிவிடுவேன். இந்தத் திறமை எனக்கு உண்டென்று என் மனைவியும் ஒப்புக்கொள்கிறாள். "ஆபீஸ் நேரத்துல மட்டும்" என்று கூடவே ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். பொறாமை.

எங்கள் குடியிருப்பில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு முறை கீழ்த்தளத்துக் கூட்ட அறையில் கூடுவோம். தலைவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்வது அவர் தொழில். ஆனால் கூட்டத்தில் அவர் வாய் மட்டும்தான் திறந்திருக்கும். போன மாதம் அவர் எழுந்து, "இப்ப எல்லாரும் பேசிக்கிற அந்த மர்ம நாவலைத்தான் அடுத்த கூட்டத்துல எடுத்துக்கப் போறோம். வாசகர் கருத்து சொல்ல யார் வர்றீங்க?" என்றார். நாவலின் பெயர் வேண்டாம். எழுதியவர் எனக்குக் கமிஷன் தரப்போவதில்லை.

கை தானாக மேலே போய்விட்டது.

"படிச்சாச்சா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு தடவை" என்றேன்.

கூட்டத்தில் ஒரு "அடேயப்பா" கேட்டது. அந்த அடேயப்பாவுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். நூலகத்தில் அந்த நாவலுக்கு இருந்தது ஒரே ஒரு படி. அந்தப் படி என் வீட்டு மேசைமேல் இருந்தது. அதனால் நான் படித்தேனா இல்லையா என்று கேட்க வேறு எந்தக் கொம்பனாலும் முடியாது.

இப்போது உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம். நான் நாவல்களைப் படிக்கும் முறையே தனி. முதல் பக்கத்தில் யார் செத்தது என்று இருக்கும். கடைசிப் பக்கத்தில் யார் கொன்றது என்று இருக்கும். நடுவில் இருப்பது காகிதம். நான் முதலும் கடைசியும் பார்த்துவிட்டு, நடுவில் விரலை வைத்துக்கொண்டு, "எனக்கு என்னவோ அந்தத் தோட்டக்காரன் மேலதான் சந்தேகம்" என்று யோசனையோடு சொல்வேன். வாரக்கணக்கில் கஷ்டப்பட்டுப் படித்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். இப்படித்தான் எனக்குப் பெயர் வந்தது. "துப்பு" என்று கூப்பிடுவார்கள். "துப்பு சார் வர்றாரு" என்று வாட்ச்மேன்வரைக்கும் பரவியிருந்தது. என் மனைவி மட்டும் அதோடு "கெட்ட" சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பாள்.

இந்த நாவல் என் காலை வாரிவிட்டது. முதல் பக்கத்தில், "மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்" என்று இருந்தது. என்ன விழுந்தது, யார் அவள், ஒன்றும் இல்லை. போகட்டும் என்று கடைசிப் பக்கத்துக்குப் போனேன். "கதவு திறந்தது. வெளியே நின்றவனை அவள் பார்த்தாள். 'நீயா?' என்றாள்." அவ்வளவுதான். அதற்குமேல் பக்கமே இல்லை.

யாரடா நீ? பெயரைச் சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துபோகும்? இந்தக் காலத்து எழுத்தாளர்களுக்குப் பொறுப்பே இல்லை. நடுவில் இருப்பதையும் படித்தால்தான் புரியும் என்றால் அது வாசகனை மதிக்கிற செயலா?

சரி, வேறு வழியில்லை, படித்துத்தான் பார்ப்போமே என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். விடுமுறை நாள். வீடு அமைதி. மூன்றாவது பக்கம் எப்படியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்தபோது புத்தகம் என் முகத்தின்மேல் இருந்தது.

விடுமுறை நாளில் வீட்டு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என் இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்குக் குனியாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அது ஒரு வருஷம் ஆகிவிட்டது. வாரம், வருஷம், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. வலியில் இருப்பவனுக்கு நாக்கு குளறாதா? அதிலிருந்து பெருக்குவது, துடைப்பது, வாஷிங் மெஷினிலிருந்து துணி அள்ளுவது எல்லாம் அவள் பொறுப்பு. காலையில் என் ஷூ லேஸைக்கூட அவள்தான் உட்கார்ந்து கட்டிவிடுவாள். அவளும் வேலைக்குப் போகிறவள்தான், ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். நாள் முழுக்க நின்றபடி மற்றவர்களைப் படிக்கச் சொல்லிவிட்டு வருவாள். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் வைத்தியர் சொன்னதை மீறலாமா?

கஷ்டம் எனக்கும் உண்டு. அவள் பிஸ்கட் டப்பாவைச் சமையலறையில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற தட்டுக்கு மாற்றிவிட்டாள். அவள் வேலைக்குப் போன பிறகு தரையோடு தரையாக மடங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நோயாளியை இப்படியா படுத்துவது?

நான் தூங்கி வழிந்த நாவலை அவள் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு காலையில் தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்பில் பால். ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம். நின்றுகொண்டே படிக்கிறாள். பால் பொங்குகிறது, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே தீயைக் குறைக்கிறாள். உதடு லேசாகத் திறந்திருக்கிறது. நான் வந்ததே தெரியவில்லை. இவ்வளவு ஆசையாகப் படிக்கிறவளுக்கு உட்கார்ந்து படிக்க ஒரு அரை மணி இல்லையே என்று தோன்றியது. தோன்றியது உண்மை. ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றிவிட்டது. கதை முழுக்க இவளுக்குத் தெரியும், அப்படியானால் நான் எதற்குப் படிக்க வேண்டும்?

கேட்கலாம் என்று நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு முதல் நாள் மாலை பார்த்தால் மேசைமேல் புத்தகத்தைக் காணோம்.

"எங்க போச்சு?"

"எது?"

"நாவல்!"

"தவணை முடிஞ்சுதேன்னு வேலைக்குப் போற வழியில நூலகத்துல குடுத்துட்டேங்க. நீங்கதான் ரெண்டு தடவை படிச்சிட்டீங்களே?"

அந்த "ரெண்டு தடவை" அவள் காதுவரைக்கும் எப்படி வந்தது? கீழ் வீட்டு டீச்சர் சொல்லியிருப்பாள். இருவரும் அவ்வளவு சினேகம். குரலை மாற்றிக்கொண்டேன். விசாரணையில் இது முக்கியம். எதிராளியே வாயைத் திறக்க வேண்டும், நாம் கேட்டதாகவும் தெரியக் கூடாது.

"நீ படிச்சியாமே. சும்மா மேலோட்டமா படிச்சிருப்ப. புரிஞ்சுதா?"

"ஏதோ புரிஞ்சுதுங்க."

"எங்க, கதையைச் சொல்லு பார்ப்போம். சரியா புரிஞ்சிருக்கான்னு சொல்றேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கண் பரிசோதனைக்காரப் பார்வை. பிறகு துணி மடிப்பதை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டாளே என்று எனக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

"ஒரு பெரிய வீடுங்க. மாடி வீடு. புருஷன், பொண்டாட்டி, மாடியில வாடகைக்கு ஒருத்தர்."

"ம்ம். சரியாத்தான் சொல்ற."

"புருஷனுக்கு மூட்டு வலி. படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதனால மாடியில எது வேணும்னாலும் அந்தப் பொண்ணுதான் ஏறி இறங்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! அவர் கீழ சாஞ்சுக்கிட்டு இருப்பாரு."

"ஓஹோ. அது... ஆமா, ஆமா."

"ஒரு நாள் மாடியில ஏதோ விழுந்த சத்தம் கேக்குது."

"'அவள் நிமிர்ந்து பார்த்தாள்'" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். முதல் பக்கம் எப்படிக் கை கொடுத்தது பார்த்தீர்களா?

"ஆமாங்க! எவ்வளவு ஞாபகம் உங்களுக்கு! போய்ப் பார்த்தா வாடகைக்கு இருந்தவர் செத்துக் கெடக்கறாரு. வீட்டுல வேற யாரும் இல்ல. புருஷனால படி ஏற முடியாது. போலீஸுக்கு அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. "அட, இது ஒரு மர்மமா? கொன்னது அந்தப் புருஷன்தான்!"

"ஐயோ! எப்படிங்க சொல்றீங்க?"

"நடிக்கறான். படி ஏற முடியாதுன்னு சும்மா சொல்றான்."

"அப்படியும் ஒருத்தர் இருப்பாங்களாங்க? கட்டின பொண்டாட்டிகிட்டயே?"

"நீ உலகம் தெரியாதவ. நான் ஆபீஸ்ல தினம் பாக்கறேன். கைய உடைச்சுக்கிட்டேன்னு கட்டுப் போட்டுக்கிட்டு வருவான். வெளியில போய் அதே கையால பைக்க உதைப்பான். இந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு எப்படித்தான் தெரியவரும்?"

"அது நீதான் சொல்லணும். உனக்குப் புரிஞ்சுதான்னு பாக்கறேன்."

"அவ மாடியில பலகாரம் வெச்சிருப்பாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போகும்."

"பார்த்தியா!" தொடையில் ஓங்கித் தட்டினேன். "அதான் துப்பு! முட்டாப்பய, நாக்கை அடக்க முடியாம மாட்டிக்கிட்டான். இவ்வளவு பெரிய தடயத்தை விட்டுட்டுப் போறவனெல்லாம் ஒரு ஆளா?"

"அதானேங்க" என்றாள். "எனக்கும் அதே ஆச்சரியம்தான்."

நீங்கள் இதற்குள் என்னவோ நினைத்துக்கொண்டு சிரிப்பது தெரிகிறது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. படி எங்கே, இடுப்பு எங்கே! அவன் மூட்டு வலிக்காரன், நான் குனிய முடியாதவன். அவன் தின்றது பலகாரம், நான் பிஸ்கட். எந்த முடிச்சை எதோடு போடுவது?

மறுநாள் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. எனக்குத் தலையணை வைத்த நாற்காலி தனியாகப் போட்டிருந்தார்கள். என் இடுப்பு குடியிருப்புக்கே பொதுச் சொத்து. முன்வரிசையில் என் மனைவியும் கீழ் வீட்டு டீச்சரும். பல் டாக்டர் எழுந்து, "நிறைய பேர் இன்னும் படிக்கல. அதனால பேசறவங்க முடிவைச் சொல்லக் கூடாது" என்று எச்சரித்துவிட்டு என்னை அழைத்தார்.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். அபாரமாகப் பேசினேன்.

"நண்பர்களே, இந்த நாவலின் உயிர் எங்கே இருக்கிறது? படிக்கட்டில் இருக்கிறது!" என்று ஆரம்பித்தேன். பல் டாக்டர் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார். "ஆமாம்... படிக்கட்டு" என்று முனகினார். அவர் ஆட்டியதும் மற்றவர்களும் ஆட்டினார்கள். "வாழ்க்கை ஒரு படிக்கட்டு. ஒருத்தி ஏறுகிறாள், இறங்குகிறாள். ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். படிப்பவர்கள் இந்தப் படிகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். படிக்கப் படிக்கப் படி ஏறுகிறோம். படிக்காதவன் முதல் படியிலேயே நிற்கிறான்!"

பின்வரிசையில் ஒருவர் "சபாஷ்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வேகம் வந்துவிட்டது.

"இதில் வரும் கணவனைப் பற்றி என்ன சொல்ல! உடம்புக்கு முடியவில்லை என்று நடித்து ஒரு பெண்ணின் முதுகெலும்பை முறித்தவன். கொலையைக்கூட நான் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்!"

பெண்கள் பக்கம் கைதட்டல். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் மட்டும் இந்த நாவலை எழுதியிருந்தால் அவனை ஜெயிலுக்கு அனுப்ப மாட்டேன். எத்தனை மாசம் ஏமாற்றினானோ அத்தனை மாசம் அந்த வீட்டை மூலை முடுக்கு விடாமல் அவனே துடைக்க வேண்டும். இதுதான் முடிவு!"

"சார், முடிவைச் சொல்லக் கூடாது" என்று டாக்டர் பதறினார்.

"இது நாவலோட முடிவு இல்ல சார். என்னோட முடிவு!"

அவ்வளவுதான். முதலில் கை தட்டியது என் மனைவி. எழுந்து நின்று தட்டினாள். அவளைப் பார்த்து டீச்சர் எழுந்தாள். பிறகு அறையே எழுந்தது. என்னுடைய இத்தனை வருஷ வாழ்க்கையில் எனக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. நாடக மேடையில் நடிகர்கள் என்ன செய்வார்கள்? நானும் அதையே செய்தேன். மார்பில் கை வைத்து, இடுப்புவரை வளைந்து ஒரு வணக்கம் போட்டேன்.

கைதட்டல் அடங்கியிருக்கும். என் மனைவி அடங்கவிடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். வலது பக்கம் திரும்பி இன்னொரு வணக்கம். இன்னும் தட்டினாள். இடது பக்கம் திரும்பி, முன்னதைவிடத் தாழ்வாக இன்னொன்று. என் ஷூவின் லேஸ் மூக்குக்குப் பக்கத்தில் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து பேனா நழுவி விழுந்தது. விழுந்த பேனாவை ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

கைதட்டல் நின்றிருந்தது. எல்லோர் கண்ணும் என் முகத்தில் இல்லை. இரண்டு சாண் கீழே இருந்தது.

டீச்சர்தான் கேட்டாள். "சார்... உங்க இடுப்பு?"

ஒரு நொடி. ஒரே நொடிதான் எனக்குக் கிடைத்தது. சாதாரண ஆளாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பான். நான் யார்? நெஞ்சை நிமிர்த்தினேன். இரண்டு கையையும் விரித்தேன்.

"நண்பர்களே, கவனித்தீர்களா! இத்தனை மாசம் குனிய முடியாதவன் குனிந்துவிட்டேன்! வலியே இல்லை! இலக்கியத்தின் சக்தி இது! நல்ல நாவல் மனிதனை நிமிர்த்தும் என்பார்கள். இந்த நாவல் என்னைக் குனியவே வைத்துவிட்டது!"

மறுபடியும் கைதட்டல். முன்னதைவிடப் பலமாக. "என் மருத்துவ வாழ்க்கையில இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல!" என்று பல் டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. தண்டவாளத்தில் விழுந்தவன் ரயிலிலேயே ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு தப்பித்தல்.

என் மனைவி மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"முழுசா குணமாயிடுச்சாங்க?"

"முழுசா!"

"நிச்சயமாத்தானே? மறுபடி வராதே?"

"வரவே வராது!" என்றேன் கூட்டத்துக்கும் கேட்கும்படி.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்று அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

பல் டாக்டர் உற்சாகத்தில், "அம்மா, நீங்களும் ஒரு வாசகர்தானே. நாவலைப் பத்தி உங்க கருத்து?" என்றார்.

"எனக்குப் பெருசா பேசத் தெரியாதுங்க" என்றாள் அவள். "தப்பு பண்றவன் யாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. எப்ப மாட்டுவான்ங்கறதுதான் சஸ்பென்ஸ். ஆனா கடைசியில அவனே வந்து மாட்டினான் பாருங்க, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது."

அதற்கும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதி தட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது. படி, மூட்டு, பலகாரம். இடுப்பு, குனிவது, பிஸ்கட். இவ்வளவு நேரமும் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினேன்.

"அடியே, எனக்கு உண்மை தெரிஞ்சாகணும். அந்தக் கதை நாவல்ல இருக்கா, இல்லையா?"

"இல்லீங்க."

"ஒரு வரிகூட?"

"நீங்க எடுத்துக்குடுத்த வரி இருக்கு."

"அப்ப அந்தப் படிக்கட்டு?"

"நாலு பேர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட கதைங்க அது. மேலே ஏதோ விழுந்த சத்தம்னா, லிஃப்ட் மேல விழுந்தது. முழு நாவலும் லிஃப்ட்டுக்குள்ளயேதான். படிக்கட்டே கிடையாது."

படிக்கட்டே இல்லாத நாவலின் உயிரைப் படிக்கட்டில் வைத்துப் பேசியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இது வெளியில தெரிஞ்சா என் மானமே போயிடுமே!"

"நான் ஏங்க சொல்லப்போறேன்? உங்க மானம் என் மானம் இல்லையா?" என்று மிகவும் அன்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு பக்கெட்டும் மாப்பும் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். பக்கெட்டில் தண்ணீர் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. கூட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே நிரப்பியிருக்கிறாள்.

"இது என்ன?"

"நீங்கதானேங்க சொன்னீங்க, மூலை முடுக்கு விடாமன்னு. உங்க முடிவுல நான் என்னைக்காவது குறுக்க நின்னிருக்கேனா?"

"நான் குனிவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? குனியாம இருந்திருந்தா?"

"கை தட்டினா நீங்க எதுவும் பண்ணுவீங்கன்னு தெரியுங்க. அதுக்கு நாவல் படிக்க வேண்டியதில்ல."

அடுத்த வாரம் பல் டாக்டர் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். நூலகத்திலிருந்து நாவலை எடுத்துப் படித்துவிட்டாராம். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க சொன்ன அந்தப் படிக்கட்டு இருக்கே, ஆஹா! அதுவும் அவ கடைசித் தடவை ஏறி வர்ற இடம்! நான் அழுதுட்டேன் சார்" என்றார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. எங்கள் வாசகர் வட்டத்தில் முறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

இப்போதெல்லாம் விடுமுறை நாளில் சாய்வு நாற்காலியில் அவள் இருக்கிறாள். காலை நீட்டிக்கொண்டு, மடியில் புத்தகம். நடுப்பக்கங்களையெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறாள். நான் துடைக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே துடைக்கிறேன். எங்கள் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். எதைச் செய்தாலும் முதலாவதாக வருவது என் பழக்கம். டீச்சர்கூட அவள் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து என் தரையைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை விட்டுத்தள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அந்த லிஃப்டில் என்னதான் நடந்தது? கொன்றது யார்? நூலகத்துக்குப் போய்க் கேட்க முடியாது. ரெண்டு தடவை படித்தவன் மூன்றாவது தடவை எதற்கு வந்தான் என்று பேச்சு வரும். வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன்.

"சொல்றேங்க. சொல்லாம என்ன? ஒரு அறை துடைச்சா ஒரு அத்தியாயம்."

ஒப்புக்கொண்டேன். அவள் சொல்லும் விதம் இருக்கிறதே, மாப்பைப் பிழிய மறந்து அப்படியே நின்றுவிடுவேன். "லிஃப்ட் விளக்கு அணையுது. இருட்டுல ஒரு கை..." என்பாள். "யார் கை?" என்பேன். "பால்கனி இன்னும் பாக்கி" என்பாள். ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வருவேன். இப்படியே வாரா வாரம் முன்னேறி, நேற்று ஒரு வழியாகக் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். கட்டிலுக்கு அடியில் படுத்துத் துடைத்து முடித்து, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"இப்பவாவது சொல்லு. கொன்னது யாரு?"

அவள் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைத்தாங்க நானும் படிச்சுக்கிட்டிருக்கேன். இது ரெண்டாம் பாகம், மொத்தம் அஞ்சு பாகமாம்."